மூன்றாவது கியர்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மேல் தாடை மூன்று, கீழ்த் தாடை இரண்டு, தனியாக ஒரு முன்பல். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புகிற அச்சை வைத்துப் பல் கட்டிக் கொடுக்கிற லேப் எங்களுடையது. ஊரில் பாதிப் பேர் என் கைவேலையைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். ஆனால் என்னை யாருக்கும் தெரியாது. அதில் ஒரு நிம்மதி இருந்தது.

அந்த நிம்மதிக்கு இன்று வேட்டு வைத்தாயிற்று. மத்தியானம் ஒரு அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்தார். எழுபது தாண்டியிருக்கும். கைக்குட்டையைப் பிரித்து என் மேஜைமேல் ஒரு பல் செட்டை வைத்தார்.

“இதைச் செஞ்சது யாரு? ரெண்டு வருஷமா ஒரு கொய்யாக்காய் கடிக்க முடியல.”

கீழ் செட் வெளியே இருந்ததால் பாதிப் பேச்சு காற்றாக வந்தது. டாக்டர் வழியாகத்தான் வரவேண்டும், நாங்கள் நேரடியாகப் பார்ப்பதில்லை என்றேன்.

“டாக்டரா கொய்யா கடிக்கிறாரு? நான்தானே கடிக்கிறேன்.”

செட்டை எடுத்துப் பார்த்தேன். என் வேலைதான். வலது பக்கம் மட்டும் மழுங்கியிருந்தது, இடது பக்கம் புதுசு.

“எப்பவும் வலது பக்கமாவே மெல்லுவீங்களாம்மா?”

“ஆமா. உனக்கு யாரு சொன்னா?”

செட்தான் சொன்னது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அது பல்லின் குறை இல்லை, ஆளின் பழக்கம். எங்கள் தொழிலில் இது பாலபாடம். சத்தம் போடாமல் இரண்டு இடத்தில் ராவிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார், கடகடவென்று கடித்துக் காட்டினார், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உனக்கு ஒரு கார் வேணுமா?”

காது சரியாகக் கேட்கிறதா என்று எனக்கே சந்தேகம். விஷயம் இதுதான்: அவருடைய கணவர் போன வருடம் தவறிவிட்டார். அவர் ஓட்டிய கார் ஷெட்டில் கிடக்கிறது. மாதக் கடைசியில் அந்த அம்மா மகன் வீட்டுக்கே போய்விடப் போகிறார். யாரும் எடுக்காவிட்டால் பழைய இரும்புக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போவார்.

“நல்லா ஓடுமாம்மா?”

“ஓடும். மூணாவது கியர் மட்டும் நிக்காது. போட்டா துப்பிடும்.”

சிரித்து அனுப்பி வைத்தேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு போய்விட்டது, கார் மட்டும் இருந்தது.

மார்ச் 5, வியாழன்

சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். சும்மா பார்க்கிறவள் எதற்குப் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு போனாள்?

கொய்யாம்மா — அப்படித்தான் இனி எழுதப் போகிறேன் — ஷெட் கதவைத் திறந்து தார்ப்பாயை இழுத்தார். நீலம். பளிச்சென்ற நீலம் இல்லை. பலமுறை துவைத்த பள்ளிக்கூடச் சட்டையின் நீலம். நான்கு கதவு, வட்ட வட்டமாக விளக்கு, கண்ணாடியை ஏற்றி இறக்கக் கைப்பிடி. முன்சீட்டு இரண்டும் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்திருந்தன. பின்சீட்டு மட்டும் கடையிலிருந்து வந்த மாதிரி.

லேப் வண்டியைப் பத்து வருடம் ஓட்டியவள் நான். சாவியை வாங்கித் திருகினேன். இருமியது, தும்மியது, பிறகு சமாதானமாகிவிட்டது. கொய்யாம்மா கேட்காமலேயே முன்சீட்டில் ஏறிக்கொண்டார். முதல் கியர், சரி. இரண்டாவது, சரி. மூன்றாவது போட்டேன். ஒரு கணம் நின்றது. காலைக் கொஞ்சம் எடுத்ததும் டக்கென்று நழுவி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. என்ஜின் ஊளையிட, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

“பார்த்தியா, துப்பிடுச்சு!” கொய்யாம்மாவுக்கு ஒரே குஷி. “கையால அழுத்திப் பிடிச்சுக்கோ, நிக்கும்.”

அழுத்திப் பிடித்தேன். நின்றது. இரண்டு தெரு சுற்றி வந்தோம். எனக்குச் சொல்லத் தெரியாத சந்தோஷம்.

வீட்டில் சாயங்காலம் சொன்னேன். இவர், என் வீட்டுக்காரர், செய்தித்தாளை இறக்கவில்லை.

“கியர்பாக்ஸ் போன காரா? அப்புறம் அதுல என்னதான் மிச்சம் இருக்கு?”

“கலர் இருக்கு.”

செய்தித்தாள் இறங்கியது. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

இவரைப் பற்றி எழுதிவிடுகிறேன், மனசு கொஞ்சம் ஆறும்.

லிஃப்ட் ஆய்வாளர். அடுக்குமாடிகளில் லிஃப்ட் ஓடலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்கிற அரசாங்க வேலை. கம்பி தேய்ந்திருந்தால், பிரேக் வழுக்கினால், கதவில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு வந்துவிடுவார். ‘ஆய்வில் உள்ளது. யாரும் தொடக் கூடாது.’ அந்த அட்டை தொங்கினால் மந்திரி வந்தாலும் படிக்கட்டுதான். நாள் முழுவதும் எது எப்போது அறுந்து விழும் என்று பார்க்கிற மனிதர் வீட்டுக்கு வந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவாரா? டாக்சியில் முன்சீட்டில் உட்கார மாட்டார். நான், மகள், இவர் மூன்று பேரும் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு, முன்னால் இடம் காலியாகப் போகும். டிரைவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து அந்த நெருக்கடிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தாலே எனக்குப் பயம். காலையில், “பால் வந்துச்சா?” மத்தியானம், “சாப்பிடலாமா?” ராத்திரி, “கேட் பூட்டியாச்சா?” இவ்வளவுதான் எங்கள் பேச்சு. சண்டை இல்லை. இருந்தாலாவது பேச்சு இருக்கும். அவள்தான் எங்களுக்கு நடுவே வாயாடிக்கொண்டிருந்தாள் என்பது அவள் போன பிறகுதான் தெரிந்தது. இப்படியே இன்னும் முப்பது வருடம் பால் வந்ததா, கேட் பூட்டியாச்சா என்று ஓடிவிடுமோ?

உண்மையைச் சொன்னால் எனக்குக் கார் பைத்தியம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் எங்கேயாவது போக வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். அவ்வளவுதான். அந்த நீலக் காரைப் பார்த்ததும் அதுதான் தோன்றியது.

இதை இவரிடம் வாய்விட்டுச் சொன்னால் என்ன? சொல்ல வரவில்லை. வெட்கமாக இருக்கிறது. கட்டிய புருஷனிடம் என்ன வெட்கம் — இருக்கிறது, என்ன செய்ய.

மார்ச் 10, செவ்வாய்

மகள் போனில். “அம்மா, ஓடாத காரை யாராவது வாங்குவாங்களா?”

“ஓடும்டி. ரெண்டாவது வரைக்கும் ஓடும்.”

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, “அப்பா என்ன சொல்றாரு?” என்றாள். “அப்பா அப்பாவாத்தான் இருக்காரு” என்றேன்.

மார்ச் 14, சனி

இவரைக் கிளப்பிக் காரைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்தால் பிடித்துவிடும் என்று நம்பினேன். எனக்கு மண்டையில் என்னவோ குறைதான்.

டார்ச்சோடு வந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் காருக்கு அடியில் போய்விட்டார். அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் குரல் வந்தது. “இங்க துரு.” “இந்தக் குழாய் வெடிச்சிருக்கு.” “எண்ணெய் ஒழுகுது.” பிறகு வெளியே வந்து காருக்குள் தலையை விட்டு, “பின்சீட்ல பெல்ட்டே இல்ல” என்றார். நிமிர்ந்தபோது நெற்றியில் கறுப்பாக ஒரு கோடு. கொய்யாம்மா அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, பிழைக்குமா?”

“இது மட்டும் லிஃப்ட்டா இருந்தா இப்பவே சிவப்பு அட்டை போட்டிருப்பேன்மா.”

“போடேன், பார்க்கலாம்.”

“ஆபீஸ் அட்டையைச் சொந்த விஷயத்துக்கு எடுக்கக் கூடாது.”

அதுதான் இவர். ஆபீஸ் பேனாவில் வீட்டுக் கணக்கு எழுத மாட்டார். கொய்யாம்மா என் பக்கம் திரும்பி, “நல்ல மனுஷன்தான். ஆனா கஷ்டம்” என்றார், இவர் காதில் விழும்படியே.

திரும்பி வரும் வழியில் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். “எதைப் பார்த்தாலும் குறைதானா? எனக்கு ஒண்ணு புடிச்சிருக்குன்னு சொன்னா ஒரு நிமிஷம் சந்தோஷப்படக் கூடாதா?” நடுத்தெருவில் குரல் உயர்ந்துவிட்டது. இவர் நின்றார். “நீ அதுல ஏறிப் போய் ஏதாவது ஆச்சுன்னா?” என்றார். வீடு வரை முன்னும் பின்னுமாக நடந்தோம்.

மார்ச் 15, ஞாயிறு

பால் வந்தது. கேட் பூட்டியாயிற்று.

மார்ச் 17, செவ்வாய்

இவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவதா? ஒரு மெக்கானிக்கைக் காட்டாமல் விட எனக்கு மனசில்லை. லேப் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக்கை அழைத்துப் போனேன். வாயைத் திறந்தால் “அவ்ளோதான்” என்பார். எங்கள் லேபில் அவர் பேரே அவ்ளோதான்.

ஓட்டிப் பார்த்தார். மூன்றாவது துப்பியது. தலையை ஆட்டினார்.

“அவ்ளோதான்ம்மா. உள்ள பல்லெல்லாம் போயிருக்கும். மொத்தமா வேற கியர்பாக்ஸ்தான் போடணும். இந்த மாடலுக்கு எங்க போய்த் தேடுறது?”

“பல்லு போச்சுன்னு திறக்காமலே எப்படிண்ணே தெரியும்?”

“திறந்தா உறுதியாச் சொல்லலாம். ஆனா திறந்தா இறக்கணும், பிரிக்கணும். பிரிச்சுப் போட்ட வண்டியை அப்புறம் யாரு எடுப்பா?”

பழைய இரும்புக்காரர் துண்டு துண்டாக இருந்தால் தொட மாட்டாராம், கொய்யாம்மா சொன்னார். ஆகத் திறந்து பார்க்காமல் வாங்க எனக்குத் தைரியம் இல்லை. திறந்தால் மூட்டிக் கொடுக்கும் பொறுப்பும் என் தலையில்.

யோசித்தேன். லேபில் என்ன செய்வேன்? உடைந்த செட் வந்தால், டாக்டர் என்ன எழுதி அனுப்பினாலும் நான் கையில் எடுத்துப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் இவரிடம் கேட்டேன். “ஒரு லிஃப்ட்டோட மோட்டாரைத் திறந்து பார்க்காமலே, இது போச்சுன்னு எழுதுவீங்களா?”

“எழுத மாட்டேன்.”

“அப்போ ஞாயித்துக்கிழமை திறக்கப் போறோம். வாங்கறது வாங்காதது அப்புறம். நல்லா இல்லைன்னா மூட்டிக் குடுத்துட்டு வந்துடுவேன். உங்க மேல சத்தியம்.”

செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு, “திறக்கும்போது ஒரு ஆய்வாளர் இருக்கணும். அதுதான் முறை” என்றார்.

நான் சமையலறைக்குப் போய்ச் சிரித்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுத முடியுமா பார்க்கிறேன்.

காலையிலிருந்து அவ்ளோதான் அண்ணன் காருக்கு அடியில். இவர் டார்ச் பிடித்தார். நான் கழற்றிய போல்ட்டுகளைக் கிண்ணம் கிண்ணமாகப் பிரித்து வைத்தேன். கொய்யாம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு தட்டு நிறையக் கொய்யாத் துண்டுகளோடு எல்லாரையும் மேற்பார்வை பார்த்தார். ஒவ்வொரு துண்டையும் கடித்துவிட்டு எனக்கு ஒரு பார்வை. இடது பக்கமும் மெல்கிறார், கவனித்தேன்.

மத்தியானத்துக்குள் கியர்பாக்ஸ் வெளியே வந்துவிட்டது. பழைய போர்வைமேல் வைத்துத் திறந்தார். நான் லேபிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பல் உடையவில்லை, ஒரு முனை மழுங்கவில்லை. இவ்வளவு ஒழுங்கான பல்வரிசையை நான் வேலையில்கூடப் பார்த்ததில்லை.

“பல்லெல்லாம் நல்லா இருக்குண்ணே.”

“அட, ஆமா.” அவர் தலையைச் சொறிந்தார். பிறகு உள்ளே விரலை விட்டுக் கவட்டை மாதிரி ஒரு துண்டை வெளியே எடுத்தார். நாம் மேலே கியரைத் தள்ளினால், உள்ளே அந்தக் கவட்டைதான் சக்கரத்தைத் தள்ளிப் பொருத்துமாம். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் ஒரே கவட்டை. அதன் ஒரு முகம் தேய்ந்து தகடாகிக் கிடந்தது. மறு முகம் புதுசு.

என் கை நின்றுவிட்டது. ஒரு பக்கம் மட்டும்.

“இது பழக்கம்ண்ணே” என்றேன். “ரிப்பேர் இல்ல. யாரோ ஒரே மாதிரி, ரொம்ப வருஷமா என்னவோ பண்ணியிருக்காங்க.”

“கியர் மேல கையை வச்சுக்கிட்டே ஓட்டுவாங்க சில பேரு. அந்தக் கனம் உள்ள வந்து இதைத் தேய்க்கும். ஆனா ஒரு கை கனத்துக்கு இவ்ளோ தேயாதும்மா. இதைப் பார்த்தா ரெண்டு ஆள் தொங்கின மாதிரி இருக்கு.”

கொய்யாம்மாவைப் பார்த்தேன். அவர் மெல்வதை நிறுத்தியிருந்தார்.

“அய்யோ” என்றார். முகம் சிவந்துவிட்டது, அந்த வயதில். “அதனாலயா?”

“என்னம்மா?”

“அவர் கை கியர் மேல இருக்கும். என் கை அவர் கை மேல இருக்கும். கல்யாணமான புதுசுல ஆரம்பிச்சது. வண்டி கிளம்பினா வைக்கறது, இறங்கும்போதுதான் எடுக்கறது. எங்க போனாலும் மூணாவதுலதான் போவோம். நாலாவது போடணும்னா கையைப் பின்னால இழுக்கணும், என் கை நழுவிடும்ல. அதனால போடவே மாட்டாரு. பின்னாடி வர்றவன் எல்லாம் ஹாரன் அடிப்பான். ‘அடிக்கட்டும்’ம்பாரு.”

சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாங்கதான் பாழாக்கியிருக்கோம். அவரு பாவம், கடைசி வரைக்கும் இந்தக் கார் கம்பெனிக்காரனைத் திட்டிக்கிட்டே இருந்தாரு.”

அவ்ளோதான் அண்ணன் அந்தக் கவட்டையைக் கீழே வைக்காமல் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் இவரைப் பார்த்தேன். பட்டப்பகலில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க மறந்து, சுவரைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

மார்ச் 24, செவ்வாய்

அந்தக் கவட்டை புதிதாகக் கிடைக்காது. தேய்ந்த இடத்தில் பித்தளையை உருக்கி ஏற்றி, அளவாக ராவி எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் அண்ணன். “அவ்ளோதான்ம்மா, சின்ன வேலை.” போன வாரம் அதே வாயால் மொத்தமும் போச்சு என்றார்.

ஆக, வாங்கலாம். சரி செய்யலாம். என்னிடமே கேட்டுக்கொள்கிறேன்: பிறகு என்ன தயக்கம்?

நான் மட்டும் ஏறிப் போக எனக்குக் கார் எதற்கு? அதுதான் தயக்கம். கொய்யாம்மா கதையைக் கேட்ட பிறகு காலியான முன்சீட்டோடு அந்த வண்டியை ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. அழுதுவிடுவேன்.

சாயங்காலம் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தோம். இவர் திடீரென்று, “அந்தக் கவட்டையைச் சரி பண்ணிட்டா மறுபடியும் தேயுமா?” என்றார்.

“கை வைக்காம ஓட்டினா தேயாது.”

“ம்.” ஒரு தட்டைத் துடைத்த இடத்திலேயே துடைத்தார். “பிரேக்கை நான் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் வண்டி தெருவுக்கு வரணும்.”

“நீங்க வருவீங்களா அதுல?”

“வருவேன். பின்சீட்ல.”

“பின்சீட்லயா?”

“பின்சீட்ல.”

இதைச் சந்தோஷம் என்று எழுதுவதா, வேறு என்னவென்று எழுதுவது? டிரைவராகிவிடுவேன் போலிருக்கிறது, சொந்தப் புருஷனுக்கு. கொய்யாம்மாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

மார்ச் 28, சனி

காலையில் மெழுகைச் சூடாக்கி, ஒரு மேல் தாடையில் பல் பதித்துக்கொண்டிருந்தேன். நடுவில் விட்டால் மொத்தமும் வீண். போன் அடித்தது. கொய்யாம்மா.

“பழைய இரும்புக்காரன் வண்டியோட வந்து நிக்கறான். மகன் முன்னாடியே சொல்லிட்டான் போல. பிரிச்சுப் போட்டது பரவாயில்ல, எல்லாத்தையும் அள்ளிக்கறேங்கறான். நீ வாங்கறியா இல்லையா? இப்பவே சொல்லு.”

வாங்கிக்கறேன் என்று சொல்ல வேண்டியதுதானே? “ஒரு நிமிஷம்மா” என்று வைத்துவிட்டு இவருக்குப் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். என்ன சொல்கிறீர்கள் என்றேன்.

“வேலையில இருக்கேன்” என்றார். வைத்துவிட்டார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். கோபம் இல்லை. ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்துவிட்டது. மெழுகை மட்டும் விடாமல் செய்து முடித்தேன். யாரோ அதை வைத்துச் சாப்பிட வேண்டும். முடித்ததும் ஆட்டோ பிடித்து ஓடினேன். போகும்போதே ஷெட் காலியாக இருக்கும் என்று மனசைத் தயார் செய்துகொண்டேன்.

ஷெட்டில் நீலம் தெரிந்தது. பக்கத்தில் போனேன். காரின் முன் கண்ணாடியில் ஒரு சிவப்பு அட்டை. கியர்பாக்ஸ் கிடந்த போர்வைமேல் ஒரு சிவப்பு அட்டை. ஷெட் கதவில் இன்னொன்று.

‘ஆய்வில் உள்ளது. யாரும் தொடக் கூடாது.’

கீழே இவருடைய கையெழுத்து, இன்றைய தேதி.

கொய்யாம்மா வாசற்படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். “உன் வீட்டுக்காரர் ஓட்டமா ஓடி வந்தாரு. மூச்சு வாங்குது, பேச்சு வரல. வந்த வேகத்துல தொங்கவிட்டுட்டுப் போயிட்டாரு. இரும்புக்காரன் அதைப் படிச்சுட்டு, கவர்மெண்ட் விஷயம் எனக்கெதுக்குன்னு ஓடியே போயிட்டான்.”

ஆபீஸ் பேனாவில் வீட்டுக் கணக்கு எழுதாத மனிதர்!

அங்கேயே, அந்தப் படியிலேயே, “வாங்கிக்கறேன்மா” என்றேன். வீட்டுக்கு வந்ததும் இவரிடம், “அட்டையைச் சொந்த விஷயத்துக்கு எடுக்கக் கூடாதே” என்றேன்.

“ஆய்வு முடியலைல்ல. பிரேக் இன்னும் பார்க்கவே இல்ல” என்றார், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. செய்தித்தாள் தலைகீழாக இருந்தது என்று எழுத ஆசை. இல்லை, நேராகத்தான் இருந்தது. ஆனால் அதே பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நீலக் காரை இழுத்து வந்து எங்கள் வாசலில் நிறுத்தியாயிற்று. கொய்யாம்மா மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது காரின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார், திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணன் பித்தளை ஏற்றிக் கொண்டுவந்தார். ராவுவதை நான் செய்கிறேன் என்றேன். சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் ஒரு நீலத் தாள் உண்டு. இரண்டு பல்லுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொன்னால் எங்கே அதிகமாக இடிக்கிறதோ அங்கே கறை விழும், அங்கே மட்டும் ராவலாம். அதைக் கவட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைத்துப் பார்த்துப் பார்த்து ராவினேன். அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

“பல்லு வைக்கறதுக்கும் கியருக்கும் ஒரே தாளா?”

இவர் எதிரே உட்கார்ந்து, ராவின தூளை ஒரு தூரிகையால் தள்ளிக்கொடுத்தார். காலையிலிருந்து மத்தியானம் வரை பேசிக்கொண்டே இருந்தோம். என்ன பேசினோம் என்று யோசித்தால் — துரு, பிரேக், மகள், பின்சீட்டுக்குப் பெல்ட் வாங்கலாமா, பன்னிரண்டாவது மாடியில் மாட்டிக்கொண்ட ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். அந்தக் கதையை இவர் என்னிடம் சொன்னதே இல்லை. எத்தனை கதை வைத்திருக்கிறார் இந்த மனிதர்!

பால் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. வந்து வாசலிலேயே கெட்டுப் போயிருந்தது.

ஏப்ரல் 12, ஞாயிறு

மூட்டியாயிற்று. பிரேக் ஆய்வு பாக்கி என்பதால் இவர் ஒரே ஒரு சோதனைச் சுற்றுக்குத்தான் விட்டார். மூன்றாவது நின்றது! மேட்டில், பள்ளத்தில், காலை எடுத்தால், வைத்தால், நின்றது! அண்ணன் தெருவிலேயே கைதட்டினார்.

கொய்யாம்மாவுக்குப் போன் போட்டேன். “சத்தத்தைக் கேட்கணும்” என்றார். என்ஜின் பக்கத்தில் போனைப் பிடித்தேன். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “மூணாவதுதானே அது?” என்றார். ஓடாமல் நிற்கிற வண்டியில் மூன்றாவதும் கிடையாது நான்காவதும் கிடையாது. “ஆமாம்மா, மூணாவதுதான்” என்றேன்.

ஏப்ரல் 18, சனி

இன்று முழுவதும் இவர் பிரேக் பார்த்தார். நாலு சக்கரத்தையும் கழற்றி மாட்டினார். சாயங்காலம் கண்ணாடியில் தொங்கிய சிவப்பு அட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பச்சை அட்டை கிடையாதா என்று கேட்டேன். “ஒரு வருஷம் ஓடட்டும், பார்க்கலாம்” என்றார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையிலேயே வீட்டைப் பூட்டினோம். நான் ஏறி உட்கார்ந்தேன். இவர் பின்கதவைத் திறந்தார், உள்ளே பார்த்தார், நின்றார்.

“பின்சீட்ல பெல்ட் இல்ல” என்றார்.

“ஆமா.”

“முன்னாடி இருக்கு.”

“இருக்கு.”

“அப்போ பாதுகாப்புன்னு பார்த்தா முன்னாடிதான்.” கதவைச் சாத்திவிட்டு, சுற்றிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டு இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பின்சீட்டில் பெல்ட் இல்லை என்பது மார்ச் மாதமே இவர் டார்ச் அடித்துக் கண்டுபிடித்த விஷயம். அதற்குப் பெல்ட் வாங்கலாம் என்று பேசிவிட்டு வாங்காமல் இருந்ததும் இவர்தான். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன், பல்லெல்லாம் தெரிந்தது.

கடைத்தெருவைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்தோம். முதல். இரண்டாவது. மூன்றாவது போட்டேன், வண்டி சீராகப் போனது. நல்ல நேரான சாலை, இருபுறமும் மரம். நான்காவதுக்கு மாற்றலாம் என்று நினைத்தபோது, கியர் மேல் இருந்த என் கை மேல் இவர் கை வந்தது. இவர் வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார், கைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி.

கையை எடுங்க, கவட்டை தேயும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எவ்வளவு நேரம் குனிந்து ராவியது அது!

சொல்லவில்லை. நான்காவதும் போடவில்லை.

பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது.

“அடிக்கட்டும்” என்றார் இவர்.